கழன்று ஓடிய சக்கரமும் ஒரு கனடாச் சட்டமும்

பரீட்சை முடிந்த கையோடு ஒரு கட்டுரை எழுதலாம் என்று உட்கார்ந்தால் இந்த முறை தலைப்பு தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. அது வீடியோ காலில் தானாகவே வந்து சேர்ந்தது.

கனடாவில், பிராம்ப்டனில் பெரியம்மா மகள் இருக்கிறாள். அக்காவோடு பேசிக்கொண்டிருந்தோம். இங்கே இரவு ஒன்பது மணி, அங்கே முற்பகல் பதினொன்றரை. அல்கான்குவின் பூங்காவுக்கு முகாம் போட்டுத் தங்கக் குடும்பத்தோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். "மாப்பிள்ளை எங்கேம்மா?" என்று அம்மா கேட்க, அக்கா போனைத் திருப்பிக் காட்டினாள். காருக்குப் பின்னால் மாட்டிய சின்ன ட்ரெய்லரின் பக்கத்தில் மாமா மண்டி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் முழங்கை நீளத்துக்கு ஒரு ஸ்பேனர். ஒவ்வொரு நட்டாக அமுக்குகிறார், 'டிக்' என்று ஒரு சத்தம், அடுத்த நட்டு. "நேத்தே டைட் பண்ணியாச்சு. இன்னைக்கும் பண்றார். போற வழியிலயும் வண்டியை நிறுத்திப் பண்ணுவார்" என்று அக்கா சலித்துக்கொண்டாள்.

மாமா தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னார்: "நான் லாரி கம்பெனியில வேலை பாக்குறவன். இந்த ஊர்ல லாரிச் சக்கரம் கழண்டு ஓடினா, 'நான் செக் பண்ணித்தான் அனுப்பினேன்'னு சொல்லித் தப்பிக்க முடியாது. சட்டமே அப்படி."

எனக்கு அது இடித்தது. 'நியாயமான கவனத்தோடு நடந்துகொண்டேன்' என்பது எந்த வழக்கிலும் முதலில் எடுத்து வைக்கும் கேடயம் என்றுதான் வணிகச் சட்ட வகுப்பில் மனதில் பதிந்திருந்தது. அந்தக் கேடயத்தையே ஒரு சட்டம் பிடுங்கிக்கொள்ளுமா? அதுவும் ஒரு நட்டுக்காகவா? தேட ஆரம்பித்தேன். தேடியதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நட்டு. சக்கரம் கழலக் கூடாது என்ற கவலை சக்கரத்தின் வயதுதான் இருக்கும். மாட்டு வண்டியில் அச்சின் முனையில் குறுக்கே ஓர் ஆணி செருகியிருக்கும். அதற்குக் கடையாணி என்று பெயர். அது இருக்கிறதா இல்லையா என்பது தூரத்தில் இருந்து பார்த்தாலே தெரியும். வண்டிக்காரர் பூட்டுவதற்கு முன் ஒரு பார்வை பார்த்தால் போதும்.

மோட்டார் வாகனம் வந்த பிறகு இந்த எளிமை போய்விட்டது. டயர் பஞ்சராகும், சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னி மாட்ட வேண்டும். ஆகவே சக்கரத்தை ஹப்பில் நாலைந்து நட்டுகளால் பிடிக்கும் முறை வந்தது. கனரக லாரியில் ஒரு சக்கரத்துக்கு எட்டோ பத்தோ நட்டு இருக்கும். இங்கேதான் சிக்கல். கடையாணி போல நட்டு 'இருக்கிறதா' என்று கண்ணால் பார்த்தால் பயனில்லை. இறுகிய நட்டும் தளர்ந்த நட்டும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும்.

சக்கரத்தின் பாரத்தை அந்த போல்ட்டுகள் தாங்குகின்றன என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது சரியில்லையாம். நட்டை முறுக்கும்போது ஸ்டட் (ஹப்பில் இருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரையுள்ள கம்பி) மயிரிழை அளவு நீள்கிறது, ஒரு ஸ்பிரிங் போல. நீண்ட ஸ்பிரிங் சுருங்கப் பார்க்கும். அந்த இழுப்புதான் ரிம்மை ஹப்போடு சேர்த்து அமுக்குகிறது. அமுக்கிய இரண்டு இரும்புப் பரப்புகளுக்கு இடையிலான உராய்வே முக்கியமாக வண்டியின் பாரத்தையும் பிரேக்கின் வேகத்தையும் தாங்குகிறது. இழுப்பு குறைந்தால் ரிம் நூலளவு நகர ஆரம்பிக்கும். நகர ஆரம்பித்துவிட்டால் பாரம் முழுதும் ஸ்டட்டின் மேல் விழும். ஸ்டட் வளைந்து நிமிர்ந்து, வளைந்து நிமிர்ந்து, ஒரு நாள் கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பது போல ஒடிந்துவிடும். ஒன்று ஒடிந்தால் அதன் பங்கு பக்கத்து ஸ்டட்டுக்குப் போகும். அப்புறம் அதிக நேரம் ஆகாது.

பக்கவாட்டு அதிர்வில் நட்டு தானாகவே கழலும் என்பதை 1969ல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் சோதனை செய்து காட்டினார். அதுவரை நட்டு கழல்வதற்கு மேலும் கீழுமான அதிர்வைத்தான் எல்லோரும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யுங்கர், பக்கவாட்டில் சின்னதாக வழுக்கினாலே மரையின் உராய்வு செத்துப்போகிறது, நட்டு தன் பாட்டுக்குச் சுற்ற ஆரம்பிக்கிறது என்று நிரூபித்தார். நட்டு இறுக்கும் சோதனைகளில் இன்றும் அவர் பெயரில் ஒரு இயந்திரம் உண்டு.

அப்படியானால் பலம் கொண்ட மட்டும் முறுக்கிவிட்டால் தீர்ந்ததா? எங்கள் ஊர் பஞ்சர் கடையில் ஸ்பேனரின் மேல் ஏறி நின்று இரண்டு குதி குதிப்பதைப் பார்த்திருக்கிறேன். பார்க்கத் திருப்தியாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்பிரிங்கை அளவுக்கு மேல் இழுத்தால் அது திரும்பச் சுருங்காது அல்லவா, ஸ்டட்டுக்கும் அதே கதி. நீண்டது நீண்டபடி நின்றுவிடும், பிடிமானம் போய்விடும். அதனால்தான் 'டார்க் ரெஞ்ச்' என்ற அந்த டிக் ஸ்பேனர். குறித்த அளவு முறுக்குவிசை வந்ததும் சத்தம் போட்டுச் சொல்லிவிடும். வட அமெரிக்காவின் பெரிய லாரிகளில் இன்று அதிகம் காணப்படும் சக்கர வகைக்கு அந்த அளவு 450 முதல் 500 அடி-பவுண்ட். மாமாவின் ட்ரெய்லர் போன்ற சின்ன வண்டிகளில் அரை அங்குல ஸ்டட் என்றால் 90 முதல் 120.

இதிலும் ஒரு வேடிக்கை. முறுக்கும்போது நாம் போடும் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுக்கப் போகிறது. மீதி எல்லாம் உராய்வில் கரைகிறது. மரையில் துரு இருந்தால் அந்தப் பத்தில் ஒரு பங்கும் குறையும். ரெஞ்ச் மட்டும் 'டிக்' என்று சந்தோஷமாகச் சொல்லும். ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே பெயிண்ட், துரு, அழுக்கு இருந்தால் வண்டி ஓடும்போது அது நசுங்கி மெலியும். மெலிந்த அளவுக்கு ஸ்டட் சுருங்கும், இழுப்பு குறையும். ஆக, நேற்றுச் சரியாக முறுக்கிய நட்டு யாருடைய தவறும் இல்லாமல் இன்று தளர்ந்திருக்கலாம். சக்கரம் மாட்டியபின் 80 முதல் 160 கிலோமீட்டருக்குள் மறுபடி முறுக்கிப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். ட்ரெய்லர் அச்சு தயாரிக்கும் ஒரு பெரிய நிறுவனத்தின் கையேட்டில் 10, 25, 50 மைல் என்று மூன்று முறை பார்க்கச் சொல்லியிருக்கிறது. அக்கா கேலி செய்தாள், பாவம். மாமா கையேட்டை ஒழுங்காகப் படித்திருக்கிறார்.

நட்டைப் பற்றி இன்னொரு சுவையான சமாசாரம். சைக்கிள் வைத்திருப்பவர்கள் இடது பெடலைக் கழற்றிப் பாருங்கள். எல்லா மரையும் திரும்பும் திசைக்கு அது எதிர்த் திசையில் திரும்பும். மிதிக்க மிதிக்க அது கழலக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. இதே எண்ணத்தில் சில கார் கம்பெனிகளும் இடது பக்கச் சக்கரங்களுக்கு எதிர் மரை வைத்தன. அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் டாட்ஜ், பிளிமத் கார்களில் 1970ஐ ஒட்டிய ஆண்டுகள் வரைக்கும் இந்த வழக்கத்தை விடாமல் பிடித்திருந்தது. விவரம் தெரியாத மெக்கானிக்குகள் கழற்றுவதாக நினைத்து மேலும் மேலும் இறுக்கி ஸ்டட்டையே ஒடித்த கதைகள் அங்கே ஏராளம். (மரை கழன்றது நட்டுக்கா மெக்கானிக்குக்கா என்று கேட்காதீர்கள் :-)) கூம்பு வடிவ நட்டு ஒழுங்காக உட்கார்ந்தால் எந்தப் பக்க மரையும் தாங்கும் என்று சொல்லி கடைசியில் எல்லோரும் ஒரே மரைக்கு வந்துவிட்டார்கள். பிரிட்டனிலும் பழைய லாரிகளில் இடது பக்கம் எதிர் மரை இருந்தது. புதிய சர்வதேச வகைச் சக்கரங்கள் வந்தபோது அது போயிற்று.

போனது சரியா? பிரிட்டனில் 2006ல் வெளியான ஓர் ஆய்வு, கனரக வாகனங்களில் ஆண்டுக்கு 150 முதல் 400 சக்கரங்கள் ஓடும்போதே கழல்கின்றன, அதில் 3 முதல் 7 உயிர்ப்பலி விபத்துகளாக முடிகின்றன என்று மதிப்பிட்டது. அங்கே கழல்வது பெரும்பாலும் இடது பக்கப் பின் சக்கரம். கனடாவிலும் இடது பக்கம்தான் அதிகம். ஒரு நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் போகின்றன, இன்னொரு நாட்டில் வலப்பக்கம். சாலையின் சரிவு, ஓரத்துப் பள்ளம் எல்லாம் மாறுகின்றன. கழலும் பக்கம் மட்டும் மாறவில்லை. மரையின் திசைக்கு இதில் பங்கு உண்டு என்று வாதிடுபவர்கள் இதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். எனக்கும் அது சரி என்றே படுகிறது. ஆனால் நான் பி.காம். படிப்பவன், என் பேச்சை இதில் நம்ப வேண்டாம்.

சரி, சட்டத்துக்கு வருவோம்.

லாரிச் சக்கரம் கழல்வது ஒரு பெரிய பிரச்சினை என்று அரசாங்கங்கள் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்ததே 1990களில்தான். 1992ல் அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஒரு சிறப்பு அறிக்கை வெளியிட்டது. அந்த நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 750 முதல் 1,050 லாரிச் சக்கரங்கள் கழல்கின்றன என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். முக்கியக் காரணங்கள் இரண்டு. நட்டு சரியாக இறுக்கப்படாதது, பேரிங் பழுதாவது. இரண்டுக்கும் அடியில் இருப்பது பராமரிப்புக் குறைவு. அறிக்கை வந்தது, அலமாரிக்குப் போனது என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு 1995. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், நெடுஞ்சாலையில் தங்கள் பாட்டுக்குக் காரில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர், வெவ்வேறு சம்பவங்களில், லாரியில் இருந்து கழன்று வந்த சக்கரம் மோதி இறந்துபோனார்கள். அவர்கள் எந்த விதியையும் மீறவில்லை, லாரியை முந்த முயலவில்லை, தவிர்ப்பதற்கு அவர்களால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. ரிம்மோடு சேர்ந்த ஒரு லாரிச் சக்கரம் 90, 100 கிலோ எடை இருக்கும். லாரி 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் கழன்ற சக்கரமும் அதே வேகத்தில் ஓடும். டிரைவர் விஷயம் தெரிந்து பிரேக் போட்டால் சக்கரம் லாரியை முந்திக்கொண்டு போகும். எதிலாவது பட்டால் பந்து போல எகிறும். நடுத் தடுப்பைத் தாண்டி எதிர்ப்பக்கம் வரும் காரின் கண்ணாடி உயரத்துக்கு அது எகிறினால் என்ன ஆகும் என்று எழுதத் தேவையில்லை.

அந்த மரணங்கள் ஒன்டாரியோவை உலுக்கிவிட்டன. 'பறக்கும் சக்கரங்கள்' பத்திரிகைகளில் திரும்பத் திரும்பச் செய்தியாயின. மரண விசாரணை ஜூரி அமர்ந்து சாட்சிகளைக் கேட்டு, நீண்ட பரிந்துரைப் பட்டியல் ஒன்றைக் கொடுத்தது. சக்கரம் மாட்டுபவருக்கு முறையான பயிற்சி வேண்டும் என்பது அதில் ஒன்று. கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: என்ஜினில் கை வைப்பவருக்குப் படிப்பு வேண்டும், பிரேக்கில் கை வைப்பவருக்குப் படிப்பு வேண்டும், நட்டு முடுக்குவது மட்டும் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று எல்லா ஊரிலும் விட்டிருந்தார்கள். பணிமனையில் புதிதாகச் சேர்ந்த பையனிடம் முதலில் கொடுக்கிற வேலையே அதுதான்.

1997ல் ஒன்டாரியோ தன் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் 84.1 என்ற பிரிவைச் சேர்த்தது. வணிக வாகனம் ஒன்றில் இருந்தோ, அது இழுத்துச் செல்லும் ட்ரெய்லரில் இருந்தோ நெடுஞ்சாலையில் சக்கரம் கழன்றால் குற்றம் நிகழ்ந்துவிட்டது. யாருக்காவது அடிபட்டதா என்ற கேள்வியே கிடையாது. அபராதம் குறைந்தது 2,000 டாலர், அதிகபட்சம் 50,000 டாலர். மாமா சொன்னதும் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது: கழலாமல் இருக்க உரிய கவனம் எடுத்துக்கொண்டேன் என்பது எதிர்வாதமாக ஏற்கப்படாது.

இதில் ட்ரெய்லரைத் தனியாகச் சொல்லியிருப்பது வணிகவியல் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம். லாரித் தொழிலில் இழுக்கும் வண்டி ஒருவருடையது, பின்னால் வரும் ட்ரெய்லர் இன்னொருவருடையது, உள்ளே இருக்கும் சரக்கு மூன்றாமவருடையது என்பது சர்வ சாதாரணம். டிரைவர் ஒரு யார்டில் ட்ரெய்லரை விட்டுவிட்டு இன்னொன்றை மாட்டிக்கொண்டு போய்விடுவார். அதன் சக்கரத்தைக் கடைசியாக யார் தொட்டார்கள், மறு முறுக்கு நடந்ததா என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. இழுப்பவர் 'அது என் ட்ரெய்லர் இல்லை' என்பார், உரிமையாளர் 'அன்று அது என் கையில் இல்லை' என்பார். 84.1 இந்த இடுக்கை அடைத்தது. வாகனத்தை இயக்கும் நிறுவனமும் பொறுப்பு, சக்கரம் கழன்ற ட்ரெய்லரின் உரிமையாளரும் பொறுப்பு.

லாரி நிறுவனங்கள் சும்மா இருக்குமா? நீதிமன்றம் போயின. அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1978ல் சூ செயின்ட் மரி நகராட்சி வழக்கில் குற்றங்களை மூன்று வகையாகப் பிரித்திருந்தது. குற்ற மனம் நிரூபிக்கப்பட வேண்டியவை முதல் வகை. இரண்டாவது வகையில் செயல் நடந்தால் போதும், ஆனால் உரிய கவனம் எடுத்ததை நிரூபித்துத் தப்பலாம். மூன்றாவதில் எதைச் சொன்னாலும் தப்ப முடியாது. இந்த மூன்றாம் வகைதான் முழுப்பொறுப்பு. 1985ல் அதே நீதிமன்றம் இன்னொரு வழக்கில், முழுப்பொறுப்புக் குற்றத்துக்குச் சிறைத் தண்டனையும் சேர்த்தால் அது அடிப்படை நீதிக்கு விரோதம் என்று சொன்னது. தப்பு செய்யாதவன் சிறைக்குப் போகக் கூடாது என்பது அதன் சாரம்.

ஒன்டாரியோ இதைப் படித்துவிட்டுத்தான் சட்டம் எழுதியிருக்கிறது. 84.1ல் சிறை கிடையாது, நன்னடத்தைக் காவலும் கிடையாது, பணம் மட்டும்தான். ஒன்டாரியோவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003ல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. சிறைக்கு வழியில்லாத அபராதம் ஒருவரின் சுதந்திரத்தைப் பறிப்பதாகாது என்பது முடிவு.

நம் நாட்டிலும் இதற்கு ஓர் உறவு உண்டு. 1985 டிசம்பரில் டெல்லியில் ஒரு தொழிற்சாலையில் ஓலியம் வாயு கசிந்தது. அந்த வழக்கில்தான் (எம்.சி. மேத்தா வழக்கு என்று பாடப் புத்தகங்களில் இருக்கும்) நம் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழில் நடத்துபவர் எந்த விதிவிலக்கும் இல்லாமல் முழுப்பொறுப்பு ஏற்க வேண்டும் என்றது. 1868ன் ஆங்கிலேய ரைலண்ட்ஸ் வழக்கில் இருந்த விதிவிலக்குகள் இங்கே வேண்டாம் என்றது. ஆனால் அது நஷ்ட ஈட்டுக்கான பொறுப்பு, ஒன்டாரியோவுடையது அபராதத்துக்கான பொறுப்பு. விஷவாயுவுக்கு ஏற்பட்ட கோட்பாடும் ஒரு லாரியின் நட்டுக்கு ஏற்பட்ட சட்டமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பார்த்து எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இது நியாயம்தானா? நான் இரண்டு மூன்று நாள் இரு பக்கமும் மாறி மாறி நின்று பார்த்தேன். ஒற்றை லாரி வைத்துப் பிழைக்கும் ஒருவர். ஒழுங்காக முறுக்கினார், மறுபடியும் முறுக்கினார், பதிவேட்டில் எழுதினார். தயாரிப்பிலேயே விரிசல் இருந்த பேரிங் உடைந்து சக்கரம் போனது. அவருக்கு 2,000 டாலர் என்பது அநியாயம்தான், அதை மழுப்ப முடியாது.

ஆனால் எல்லோரிடமும் ஒரு நல்ல எதிர்வாதம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் கிடைத்தது. அது சக்கரத்தின் மறுபாதியான டயரைப் பற்றியது. 2000 ஆகஸ்ட்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் மாட்டிய டயர்கள். ஓடும்போது மேல்பட்டை உரிந்து, வண்டி கவிழ்ந்து, அமெரிக்காவில் மட்டும் 271 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு. டயர் கம்பெனி, 'வண்டிதான் சரியில்லை, காற்று 26 பி.எஸ்.ஐ. போதும் என்று ஃபோர்டு சொன்னது தப்பு, உரிமையாளர்களும் காற்றைச் சரிபார்ப்பதில்லை' என்றது. ஃபோர்டு, 'டயர்தான் சரியில்லை' என்றது. 1906ல் ஹென்றி ஃபோர்டு 2,000 செட் டயர் வாங்கியதில் தொடங்கி ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு நீடித்த வணிக உறவு 2001 மே மாதம் முறிந்தது. (கம்பெனி வரலாறு பாடத்துக்குப் பிரமாதமான கேஸ் ஸ்டடி, யாராவது ப்ராஜெக்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.) காற்றுக் குறைந்த டயர் அதிகமாக மடங்கும், மடங்கினால் சூடேறும், சூட்டில் அடுக்குகள் பிரியும். ஆகவே காற்று ஒரு காரணம்தான். ஆனால் இத்தனை பேரும் விரலை நீட்டி நிற்கும் கூட்டத்தில், அடுத்த டயர் உரியாமல் பார்த்துக்கொள்வது யாருடைய வேலை என்பதே காணாமல் போய்விடுகிறது.

அதன் பிறகு 2000 நவம்பரில் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியாகக் காற்று குறைந்தால் விளக்கெரிந்து எச்சரிக்கும் கருவி 2007 செப்டம்பரில் இருந்து எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமாயிற்று. ட்ரெய்லருக்கு? அந்த விதி பொருந்தவில்லை.

ட்ரெய்லர் என்றால் எல்லோருக்கும் ஒரு மாற்றாந்தாய் மனசு. அதில் என்ஜின் இல்லை, ஸ்டியரிங் இல்லை, உள்ளே ஆள் இல்லை. காரின் முன்சக்கரம் தளர்ந்தால் ஸ்டியரிங் கையில் ஆடும், இருக்கை அதிரும், சத்தம் கேட்கும். ட்ரெய்லர் சக்கரம் தளர்ந்தால் ஓட்டுபவருக்கு எதுவுமே தெரியாது. பின்னால் வருபவருக்குத்தான் தெரியும். தவிர, மாமாவுடையது போன்ற ட்ரெய்லர் வருடத்தில் பத்து மாதம் வெயிலிலும் பனியிலும் சும்மா நிற்கிறது. ஓடாத டயர் தேய்வதில்லை, ஆனால் வயதாகிறது. ரப்பர் காய்ந்து பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்பு விடும். மேலே பட்டை புத்தம் புதிதாகத் தெரிவதால் ஏமாந்துவிடுவோம். அதன் வயதைக் கண்டுபிடிக்கப் பக்கச் சுவரில் ஓர் எண் இருக்கிறது. 2000ல் இருந்து கடைசி நாலு இலக்கம்: 3519 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 35வது வாரம். உங்கள் வீட்டு வண்டியில் இப்போதே போய்ப் பார்க்கலாம். நான் அப்பாவின் காரைப் பார்த்தேன். நான் பத்தாம் வகுப்பு படித்த காலத்து டயர்!

பேரிங் சமாசாரமும் உண்டு. படகு ஏற்றும் ட்ரெய்லர் என்றால் நீண்ட தூரம் ஓடிச் சூடான ஹப்பை ஏரித் தண்ணீரில் இறக்குவார்கள். உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்க, தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படும். கிரீஸ் கெடும், பேரிங் துருப்பிடிக்கும். அப்புறம் நட்டு எவ்வளவு இறுக்கமாக இருந்தும் பிரயோசனம் இல்லை. ஹப்போடு சேர்ந்தே சக்கரம் போகும். ஓடி நின்றதும் ஹப் பக்கம் கையை வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான். ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அங்கே ஏதோ இருக்கிறது.

தளர்ந்த நட்டு கண்ணுக்குத் தெரியாது என்று மேலே எழுதினேன். கொஞ்ச தூரம் ஓடிய பிறகு அது முழு உண்மை இல்லை. நட்டைச் சுற்றித் துரு ஒழுகியது போல ஒரு கோடு விழும். ரிம் நகர்ந்து தேய்ந்த இடம் பளபளவென்று தெரியும். துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகும். சில பஸ்களிலும் லாரிகளிலும் நட்டின் மேல் மஞ்சள் பிளாஸ்டிக் முக்கோணம் செருகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்கு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். எல்லா முனைகளையும் ஒழுங்காக எதிரெதிராக வைத்து மாட்டுவார்கள். ஒரு நட்டு திரும்பினால் அதன் முனை மட்டும் வேறு திசையைக் காட்டும். கடையாணியைப் போலவே, தூரத்தில் இருந்து ஒரு பார்வை போதும்!

என் கணக்கு கடைசியில் ஒன்டாரியோ பக்கம் சாய்ந்தது இதனால்தான். சக்கரம் திடீரென்று கழல்வது அபூர்வம். பல நூறு கிலோமீட்டர் அது சைகை காட்டிக்கொண்டேதான் வருகிறது. அதைப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருப்பவர் வண்டி வைத்திருப்பவர் ஒருவர்தான். எதிர்ப்பக்கம் காரில் வருபவருக்கு அந்த வாய்ப்பே கிடையாது. நஷ்டம் யாராவது ஒருவர் தலையில் விழுந்தே தீரும் என்றால், ரெஞ்ச் யார் கையில் இருக்கிறதோ அவர் தலையில் விழட்டும். அந்த ஒற்றை லாரிக்காரர் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு ஒரு விதிவிலக்கு வைத்தால், அதே வாசல் வழியாக மற்ற எல்லோரும் நுழைவார்கள். வைக்காவிட்டால் அவர் மட்டும் அடிபடுவார். இதற்கு வழி தெரிந்தால் நான் ஏன் பி.காம். படிக்கிறேன், சட்டசபைக்கே போயிருப்பேன்.

சட்டம் வந்தபின் ஒன்டாரியோவில் சக்கரம் கழலும் சம்பவங்கள் குறைந்தன. நின்றுவிடவில்லை. குளிர்காலத்தில்தான் இன்னமும் அதிகம். குளிர்கால டயர் மாற்றும் பருவத்தில் எல்லாச் சக்கரங்களும் ஒரு முறை கழன்று ஏறுகின்றன. அது மட்டுமில்லாமல் அலுமினிய ரிம் இரும்பு ஸ்டட்டை விடக் குளிரில் அதிகமாகச் சுருங்கும். அந்த அளவுக்குப் பிடிப்பு குறையும்.

மாமாவின் சின்னக் குடும்ப ட்ரெய்லருக்கு 84.1 பொருந்தாது. அது வணிக வாகனங்களுக்கானது. அதை அவரிடமே சொன்னேன். "தெரியும்டா" என்று மட்டும் பதில் வந்தது. அன்று இரவு (எங்களுக்கு நடு இரவு தாண்டிவிட்டது) வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். ஏதோ ஒரு பெட்ரோல் பங்கு ஓரம், பின்னால் பைன் மரங்கள், ட்ரெய்லர் சக்கரத்தில் மாட்டிய ரெஞ்ச். கீழே ஒரு வரி: "வலது பக்கம் எல்லாம் ஓகே. இடது பக்கம் இரண்டாவது நட்டு கால் சுற்று சுற்றியது. அக்காவிடம் சொல்."